கைப்பேசியில் வானிலை வரைபடம்: நம் தோட்டத்துக்கு எப்படிப் படிப்பது?



கடியப்பட்டணத்திலிருந்து சற்று உள்ளே, வள்ளியாற்றின் கரையில் ஏத்தன் வாழை வைத்திருக்கும் ஒரு விவசாயியின் தோட்டத்துக்கு ஒருமுறை சென்றிருந்தேன். நானூறு வாழைக்கு முந்தின நாள்தான் மேலுரம் வைத்திருந்தார். இரவில் நல்ல மழை. வேருக்குப் போக வேண்டிய உரம் கரைந்து ஓடைக்குப் போய்விட்டது. "சார், நான் பார்க்காம வைக்கல. படத்துல நம்ம மாவட்டம் பச்சையாத்தான் இருந்துச்சு" என்று கைப்பேசியை நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டார்: "இந்தப் படத்துல என் தோட்டம் எங்க சார் இருக்கு?"

இது மிகவும் சரியான கேள்வி. இன்று உலகத்துக் கடல், காற்று, மேகம் எல்லாம் படமாக நம் கைக்கு வந்துவிட்டன. ஆனால் அந்தப் படம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரியாமல் பார்த்தால், பார்த்ததாலேயே நட்டம் வரும். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர விவசாயிகள் இந்த வரைபடங்களை எப்படிப் படித்து வேலையைத் திட்டமிடலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

பச்சை என்றால் மழை இல்லை என்று பொருளா?

இல்லை. இந்திய வானிலைத் துறை வெளியிடும் எச்சரிக்கை வரைபடத்தில் நான்கு நிறங்கள் உண்டு. பச்சை என்றால் எச்சரிக்கை எதுவும் இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள். இந்த நிறங்கள் ஆபத்தின் அளவைக் காட்டுகின்றன. மழை பெய்யுமா பெய்யாதா என்பதை அறிய மழை முன்னறிவிப்பைத் தனியாகப் படிக்க வேண்டும்.

ஒரு நாளில் பெய்யும் மழையை வானிலைத் துறை இப்படிப் பிரிக்கிறது:

• லேசான மழை: 2.5 முதல் 15.5 மி.மீ. வரை
• மிதமான மழை: 15.6 முதல் 64.4 மி.மீ. வரை
• கனமழை: 64.5 முதல் 115.5 மி.மீ. வரை
• மிகக் கனமழை: 115.6 முதல் 204.4 மி.மீ. வரை
• அதிகனமழை: அதற்கும் மேல்

மழைக்கான எச்சரிக்கை பொதுவாகக் கனமழையிலிருந்துதான் தொடங்குகிறது. அதாவது 40 மி.மீ. மழை பெய்தாலும் அது "மிதமான மழை"தான். படம் பச்சையாகவே இருக்கலாம். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்பது ஏறக்குறைய 4,000 லிட்டர் தண்ணீர். 40 மி.மீ. என்றால் 1,60,000 லிட்டர். வானிலைத் துறைக்கு மிதமான மழை, மேலுரத்துக்குப் பெருவெள்ளம். நம் வாழை விவசாயிக்கு நடந்தது இதுதான்.

எனவே உரம் வைப்பதற்கு நிறத்தைப் பார்க்காதீர்கள். அடுத்த இரண்டு நாளுக்கு "மிதமான மழை" என்று இருந்தாலே மேலுரத்தைத் தள்ளிப்போடுங்கள். லேசான மழை என்றால் வைக்கலாம். உரம் கரைந்து மண்ணில் இறங்க அது உதவும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "ஓரிரு இடங்களில்" என்று அறிவிப்பில் வந்தால், அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மழை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் கால் பங்குக்கு மேல், பாதி வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால் பங்குக்கும் மேல். ஓரிரு இடங்களில் கனமழை என்று கேட்டுவிட்டு, நம் ஊரில் பெய்யவில்லை என்றால் அறிவிப்பு பொய் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஓரிரு இடத்தில் நம் இடம் இல்லை, அவ்வளவுதான்.

படத்தில் உங்கள் தோட்டம் எங்கே?

வானிலையைக் கணக்கிடும் கணினி, உலகம் முழுவதையும் வயலுக்கு வரப்பு போடுவதுபோல் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மழை, ஒரு காற்று, ஒரு வெப்பம் என்று கணக்கு வரும். இந்தியாவில் பயன்பட்டுவந்த கட்டம் 12 கி.மீ. அளவுள்ளது. 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு இதை 6 கி.மீ. ஆகக் குறைத்திருக்கிறது.

6 கி.மீ.க்கு 6 கி.மீ. என்றால் 36 சதுர கி.மீ. நம் கணக்கில் அது சுமார் 8,900 ஏக்கர். கன்னியாகுமரி மாவட்டம் முழுவதுமே இப்படி ஐம்பதுக்கும் குறைவான கட்டங்களுக்குள் அடங்கிவிடும். உங்கள் ஒரு ஏக்கர் தோட்டம் அந்த 8,900 ஏக்கரில் ஒன்று. கணினி சொல்வது மொத்தக் கட்டத்துக்குமான பொதுக் கணக்கு.

சமவெளி மாவட்டங்களில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. நம் மாவட்டம் அப்படியல்ல. கடற்கரையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை வரை குறுகிய தூரத்துக்குள் நிலம் வேகமாக ஏறுகிறது. பேச்சிப்பாறைப் பக்கம் கொட்டும் மழை கடியப்பட்டணத்தில் தூறலாக இருக்கும். கடலோரத்தில் விடியற்காலையில் பெய்யும் மழை தக்கலையை எட்டாமலே போவதும் உண்டு. எனவே மாவட்டம் என்று பார்ப்பதைவிட வட்டார அளவு முன்னறிவிப்பைப் பாருங்கள். 2019இல் வெளிவந்த மேக்தூத் செயலியில் இது தமிழிலேயே கிடைக்கிறது. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும் வேளாண் ஆலோசனையையும் அதில் படிக்கலாம்.

அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் பார்க்க வேண்டுமானால், வானிலைத் துறையின் இணையதளத்தில் திருவனந்தபுரம் ரேடார் படத்தைப் பாருங்கள். நமக்கு மிக அருகில் உள்ள ரேடார் அதுதான். மருந்து தெளிக்கக் கிளம்பும் முன் மழை மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பும் முன் அதன் தேதியைப் பாருங்கள். பழைய புயலின் படம் ஒவ்வொரு ஆண்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நேரத்துக்குப் பக்கத்தில் "யுடிசி" என்று இருந்தால் அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். 00 யுடிசி என்றால் நமக்குக் காலை 5.30.

ஒக்கி சொல்லிக்கொடுத்தது

2017 நவம்பர் 29 முற்பகலில் இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் முற்பகலுக்குள் அது குமரிக் கடலில் ஒக்கி புயலாகிவிட்டது. ஏறக்குறைய ஒரே நாள்தான் இடைவெளி. அதற்கு முந்தைய நாட்களிலேயே நம் கடற்கரை ஊர்களிலிருந்து பல படகுகள் ஆழ்கடலுக்குப் போயிருந்தன. எத்தனை வீடுகளில் ஆண்கள் திரும்பவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தில் வாழையும் ரப்பரும் தென்னையும் சாய்ந்தன. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை.

அந்தப் புயல் நம் கரையைக் கடக்கவே இல்லை. குமரிமுனைக்குத் தெற்கே கடலில் போய், லட்சத்தீவைத் தாண்டி, வடக்கே திரும்பி, டிசம்பர் 5 இரவு குஜராத்தின் தெற்குக் கரையருகே வலுவிழந்தது. வரைபடத்தில் புயலின் பாதையை ஒரு கோடாகப் போடுகிறார்கள். கோடு நம் ஊர்மேல் போகவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. புயலின் காற்று அந்தக் கோட்டின் இருபுறமும் நூறு கி.மீ.க்கு மேலும் பரவியிருக்கும். கோட்டைச் சுற்றி விசிறிபோல் ஒரு பகுதியைக் காட்டியிருப்பார்கள். புயலின் மையம் அதற்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று பொருள். நாள் போகப் போக விசிறி அகலமாவது, கணிப்பின் உறுதி குறைந்துகொண்டே போவதைக் காட்டுகிறது.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1982 முதல் 2019 வரையான பதிவுகளை ஒப்பிட்டு, அரபிக் கடலில் பிற்பாதி ஆண்டுகளில் புயல்களின் எண்ணிக்கை 52 விழுக்காடு கூடியிருப்பதாக 2021இல் தெரிவித்தார்கள். கடல் மேற்பரப்பு சூடாவது முக்கியக் காரணம். சூடான கடலில் புயல் வேகமாக வலுக்கவும் செய்யும். ஆகவே தயாராவதற்கு நமக்குக் கிடைக்கும் நேரம் குறைவு.

மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் காற்று என்று அறிவிப்பு வந்தவுடன் இவற்றைச் செய்யுங்கள்:

• குலை தள்ளிய ஏத்தன் வாழைக்கு முட்டுகளைச் சரிபார்த்து இறுக்கிக் கட்டுங்கள். முற்றிய குலைகளை வெட்டிவிடுங்கள்.
• வாழைத் தோட்டத்திலும் வயலிலும் வடிகாலைத் திறந்துவிடுங்கள்.
• தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்குங்கள்.
• உரமும் மருந்தும் வேண்டாம்.
• கைப்பேசியை முழுவதும் மின்னேற்றி வையுங்கள். மின்சாரம் போனால் வரைபடமும் போய்விடும். வானொலிப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கள்ளக்கடல்: விவசாயிக்கும் உரிய எச்சரிக்கை

நம் கடற்கரையில் காற்றும் மழையும் இல்லாத நாளில் கடல் திடீரென்று ஏறிவரும். கள்ளனைப்போல் சொல்லாமல் வருவதால் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். கடற்கரை மக்களின் இந்தச் சொல்லை 2012இல் யுனெஸ்கோவே அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. இன்று உலக அறிவியல் கட்டுரைகளில் அதே பெயரில்தான் எழுதுகிறார்கள்.

இது எங்கிருந்து வருகிறது? தென் துருவத்தை ஒட்டிய பெருங்கடலில் அடிக்கும் பலத்த காற்று பேரலைகளை எழுப்புகிறது. அந்த அலைகள் பல நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. 2024 ஏப்ரல் கடைசியில் இந்தியக் கரையிலிருந்து சுமார் 10,000 கி.மீ. தொலைவில், தென் அட்லாண்டிக் பக்கம் இருந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு நகர்ந்து எழுப்பிய அலைகள் மே முதல் வாரத்தில் இங்கே வந்து சேர்ந்தன. மே 6ஆம் தேதி கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள்.

பல நாள் பயணம் என்பதால் இதை முன்கூட்டியே சொல்ல முடிகிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், 2020 முதல் கள்ளக்கடலுக்கெனத் தனி முன்னறிவிப்பு தருகிறது. மீனவர்கள் இதைக் கவனிக்கிறார்கள். மீன் கூடும் இடத்தைக் காட்டும் படமும் இதே மையத்திலிருந்துதான் வருகிறது. செயற்கைக்கோள் அளக்கும் கடல் வெப்பத்தையும் நீரில் உள்ள பச்சையத்தையும் வைத்து அதைத் தயாரிக்கிறார்கள். விவசாயிகளோ இன்காய்ஸ் அறிவிப்பைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் இதுதான். கள்ளக்கடல் அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். வள்ளியாற்றில் ஓட்டம் மிகக் குறைந்திருக்கும் காலமும் அதுவே. எதிர்த்துத் தள்ள ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது, ஏறிவரும் கடல்நீர் பொழிமுகம் வழியாக உள்ளே வரும். அந்த நேரம் பார்த்து ஆற்றிலோ பக்கத்துக் கால்வாயிலோ மோட்டார் போட்டால் வாழைக்கு உப்புத் தண்ணீர்தான் பாயும்.

உப்பை நாக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கரிப்பு நமக்குத் தெரியும் முன்பே வாழைக்குத் தெரிந்து, இலை ஓரம் கருகத் தொடங்கிவிடும். தண்ணீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கையடக்கக் கருவி கிடைக்கிறது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அளவு 0.7 டெசிசைமனுக்குக் கீழே இருந்தால் பயமில்லை. 0.7க்கும் 3க்கும் இடையில் என்றால் பயிரைப் பொறுத்துக் கவனமாகப் பாய்ச்ச வேண்டும். வாழை தாங்காது, தென்னை ஓரளவு தாங்கும். 3க்கு மேல் என்றால் பாய்ச்ச வேண்டாம். கடல்நீரின் அளவு சுமார் 50. ஐம்பது குடம் நல்ல தண்ணீரில் ஒரு குடம் கடல்நீர் கலந்தாலே அளவு ஏறக்குறைய 1 கூடிவிடும்.

கள்ளக்கடல் அறிவிப்பு வந்தால், அதற்கு முன்பே ஒரு பாசனம் கொடுத்துவிடுங்கள். பிறகு கடல் அடங்கி, தண்ணீரை அளந்து பார்த்த பின்பே மோட்டாரைப் போடுங்கள். உங்கள் ஊர் மீனவர் குழுவில் வரும் அறிவிப்பை அனுப்பச் சொல்லி ஒருவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பசிபிக் கடலின் சூடும் நம் கும்பப்பூவும்

பருவம் தொடங்கும் முன் "இந்த ஆண்டு எல்நினோ" என்ற செய்தி வரும். நடுப் பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிட அரை டிகிரிக்கு மேல் சூடாகிச் சில மாதங்கள் நீடித்தால் அது எல்நினோ. குளிர்ந்தால் லாநினா. எல்நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறைவதும், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை கூடுவதும் பொதுவான போக்கு. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் வேண்டும். கன்னிப்பூ இடவப்பாதியை நம்புகிறது; கும்பப்பூ ஐப்பசி மழையை நம்புகிறது.

ஆனால் போக்கை உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015 எல்நினோ ஆண்டு. வடகிழக்குப் பருவத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2016இல் பசிபிக் குளிர்ந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. இதுவரை கணக்கு சரி. 2021உம் லாநினா ஆண்டுதான். ஆனால் அந்தப் பருவத்தில் மழை இயல்பைவிட ஏறக்குறைய 60 விழுக்காடு கூடுதல். இந்தியப் பெருங்கடலின் வெப்பம் போன்ற வேறு காரணங்களும் சேர்ந்துதான் மழையைத் தீர்மானிக்கின்றன.

பருவத்துக்குள்ளும் இடத்துக்கு இடம் மாறும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அங்கிருந்து நூறு கி.மீ. தொலைவில் உள்ள நமக்கு அந்த அளவு மழை இல்லை. எல்நினோ படத்தை வைத்து எந்த ரகம் போடலாம், எவ்வளவு தண்ணீரைச் சேமிக்கலாம் என்று யோசிக்கலாம். நாற்று நடும் தேதியை அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

உங்கள் தோட்டத்தின் நோட்டு

இப்போது அந்த வாழை விவசாயியின் கேள்விக்கு வருவோம். படத்தில் அவர் தோட்டம் தனியாக இல்லை. அதைச் சேர்க்க அவரால் மட்டும்தான் முடியும். அதற்கு ஒரு மழைமானியும் ஒரு நோட்டும் போதும்.

அடிமுதல் மேல்வரை ஒரே அகலமாக, அடிப்பாகம் தட்டையாக உள்ள ஒரு டப்பாவை எடுத்து, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், ஆடாமல் நட்டு வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் தண்ணீரின் உயரத்தை அளந்து எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. அப்போதுதான் உங்கள் கணக்கை அவர்கள் கணக்கோடு ஒப்பிட முடியும்.

நோட்டில் ஆறு கட்டம் போடுங்கள்: தேதி, முன்னறிவிப்பு என்ன சொன்னது, உண்மையில் எத்தனை மி.மீ. பெய்தது, கிணற்று நீர்மட்டம், தண்ணீரின் உப்பு அளவு, அன்று செய்த வேலை. கிணற்றையும் உப்பையும் வாரம் ஒருமுறை அளந்தால் போதும்.

ஒரு பருவம் எழுதிவிட்டால் உங்களுக்கே சில உண்மைகள் தெரியவரும். "மிதமான மழை" என்று சொன்ன பத்து நாளில் உங்கள் தோட்டத்தில் எத்தனை நாள் பெய்தது? எந்தத் திசைக் காற்று வந்தால் உங்களுக்கு மழை? எவ்வளவு மழைக்குப் பின் கிணற்று நீரில் உப்பு இறங்குகிறது? இவற்றை எந்தச் செயலியும் உங்களுக்குச் சொல்லாது.

இது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். நம் பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1837இலேயே திருவனந்தபுரத்தில் வானாய்வகம் அமைத்து அளவெடுக்கத் தொடங்கினார்கள். 1899-1900 பஞ்சத்துக்குப் பின், 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர், உலகின் பல ஊர்களில் எழுதி வைத்த காற்றழுத்தம், மழை, வெப்பக் கணக்குகளை ஒப்பிட்டார். பசிபிக் பக்கம் அழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது என்ற தொடர்பு அப்படித்தான் தெரிந்தது. இன்றைய எல்நினோ கணிப்புக்கு அதுவும் ஓர் அடித்தளம். எங்கோ ஒருவர் தினமும் காலையில் ஒரு நோட்டில் எழுதியதால்தான் உலக வரைபடமே உருவானது.

சுருக்கமாக:

• பருவம் தொடங்கும் முன்: எல்நினோ, பருவமழைக் கணிப்பு. ரகம், தண்ணீர்ச் சேமிப்பு பற்றி யோசிக்க.
• செவ்வாய், வெள்ளி: மேக்தூத்தில் வட்டார முன்னறிவிப்பு. உரம், மருந்து, அறுவடைக்கு.
• தினமும் காலை: எச்சரிக்கை நிறம், காற்றின் வேகம். ஏப்ரல், மே மாதங்களில் இன்காய்ஸ் அறிவிப்பும்.
• வேலைக்குக் கிளம்பும் முன்: ரேடார் படம். இடி மேகம் இருந்தால் தாமினி செயலியில் மின்னல் எச்சரிக்கை.
• காலை 8.30: உங்கள் மழைமானி, உங்கள் நோட்டு.

தனியார் செயலிகளில் வண்ணமயமான காற்றுப் படங்களைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் புயல், கனமழை என்று வரும்போது வானிலைத் துறையின் அறிவிப்பையே பின்பற்றுங்கள். சந்தேகம் இருந்தால் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கோ உங்கள் நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நோட்டோடு வருபவருக்கு எங்களால் இன்னும் சரியான ஆலோசனை சொல்ல முடியும்.